ஹார்வுட் பதவி இழந்த ஆண்டு

ரூ பஜோல் தெரு மண்டபமொன்றில் பிருந்தாபனின் நூல் வெளியீடு. நூறு வருடங்களுக்கு முன் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் அமைச்சராக இருந்த ஹார்வுட் என்ற வெள்ளைக்காரரின் அரசியல் வாழ்க்கைதான் நூல். அந்த மனிதரைப் பற்றித் தமிழில் முதலில் கட்டுரை எழுதியவன் நான். பொன்னாடையோ அவன் தோளில். எனக்கு வயிறு எரிந்தது.

ஆய்வுரைக்கு என்னைக் கேட்டிருந்தான். பிழை பிடிக்கவென்றே நூலை மூன்று தரம் படித்தேன். ஒன்று அகப்பட்டது.

மேடையில் நிதானமாகச் சொன்னேன். "ஹார்வுட் பதவி இழந்தது 1906இல. தம்பி 1908 எண்டு எழுதியிருக்கிறார். இதுகூடத் தெரியாமல் ஒரு புத்தகமோ?"

சபை அவனைத் திரும்பிப் பார்த்தது. பிருந்தாபன் எழும்பினான்.

"ஓம் அண்ணை, எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. ஆனா உங்கடை கட்டுரையில 1908 எண்டுதானே போட்டிருந்தனீங்கள். நீங்கள் பிழை விடுவியள் எண்டு நான் நினைக்கேல்லை."