ஆறு மணி விமானம்

ஆம்புரோஸுக்கு வேலை ஆல்பர்ட்டாவின் எண்ணெய்ச் சுரங்கத்தில், வீடு நியூஃபவுண்ட்லாந்தில். நடுவே நாலாயிரம் கிலோமீட்டர். கம்பெனி விமானத்தில் நேராகப் பறந்தால் ஐந்து மணி நேரம். இருபது நாள் வேலை, எட்டு நாள் வீடு என்று பதினோரு வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தான். ஆல்பர்ட்டாவில் கடிகாரம் வீட்டைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். அதனால் அவன் அம்மா மினா ஒரு சட்டம் வைத்திருந்தாள்: போனில் எந்த நேரத்தைச் சொன்னாலும் வீட்டு நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா ரோனா அழைத்தாள். "அம்மாவுக்கு நாளையத் தாண்டாதுங்கறார் டாக்டர். கெளம்பி வாடா."

"காலைல ஆறு மணி ஃபிளைட்டுல எடம் குடுத்துட்டாங்கக்கா. நேரா அங்கதான் வருவேன்." கையிலிருந்த தாளில் பார்த்ததை அப்படியே சொன்னான்.

ஆறும் ஐந்தும் பதினொன்று, காரில் அரை மணி என்று ரோனா கணக்குப் போட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நர்ஸ் எஃபி மார்ஃபின் ஊசியோடு வந்தாள். மினா கையை இழுத்துக்கொண்டாள்.

"அதைப் போட்டா தூங்கிடுவேன். பையன் வந்து பேசினப்புறம் போடு."

"வலி தாங்க மாட்டீங்கம்மா."

"நாலரை மணி நேரம்தானே? மீன் ஃபாக்டரில ஐஸ் தண்ணில நின்னு வேலை பாத்தவடி நான். ஒன்னை மாதிரி நாற்காலில உக்காந்தா?"

எஃபி சிரித்துவிட்டாள். ஒன்பது மணிக்கு மினா பேசுவதை நிறுத்தினாள். பத்து மணிக்குத் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிவரை ஆம்புரோஸ் வரவில்லை. ரோனா வராந்தாவுக்குப் போய் விமான நிலையத்துக்குப் போன் செய்தாள். விமானம் இரண்டரைக்குத்தான் இறங்கும் என்றார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளே வந்தாள்.

"அம்மா, அவன் அங்கத்து ஆறு மணியச் சொல்லிட்டாம்மா."

"முட்டாப் பய," என்றாள் மினா. தொடங்கிய சிரிப்பு முனகலாக முடிந்தது. "இன்னும் எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம்."

மேலும் நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போடச் சொல்லு," என்றாள்.

மூன்று மணிக்கு ஆம்புரோஸ் வேலை பூட்ஸோடு ஓடிவந்தான். அம்மா ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள்.

"என்னைக் கேட்டாளாக்கா?"

ரோனா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். "இல்லடா. நேத்து ராத்திரிலேர்ந்தே இப்படித்தான். நினைவே இல்ல."

எஃபி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

ஆம்புரோஸ் அம்மாவின் மூடிய கையைப் பிரித்தான். உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு தடங்கள். இரண்டில் ரத்தம் உலர்ந்திருந்தது.

"இது என்னக்கா?"



"தூக்கத்துல செல பேருக்கு அப்படி ஆகும்," என்றாள் எஃபி.

அவன் அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டான். மினா கண் திறக்காமலே ஐந்து மணிக்கு இறந்தாள்.