ரிப்பன் கட்ட மரமில்லை

எங்கள் பனிமான்கள் மேயும் மலையடிவாரத்தில் பெரிய நிலப்பரப்பைப் பாதுகாத்துவிட்டதாக மரக் கம்பெனி அறிவித்தது. விழாவுக்குப் போய்ப் பார்த்தால் அது வெறும் சதுப்பு. மரமே முளைக்காத இடத்தைத்தான் பெரிய மனதோடு வெட்டாமல் விட்டிருந்தார்கள். எதிரே இருந்த சரிவில் கிழட்டு ஊசியிலை மரங்கள் நின்றன. பனி இறுகிப்போனால் அந்தக் கிளைகளில் தொங்கும் பாசிதான் எங்கள் மான்களுக்குத் தீனி. அந்த மரங்களை மார்ச்சில் வெட்டுவதாக இருந்தார்கள்.

மேலாளர் ஹெட்லுண்ட் ரிப்பனோடு மரம் தேடி அலைந்தார்.

"ஹெய்க்கா, நீங்களும் உங்க அண்ணியும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கறீங்களா?"

என் கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை. "மரம் வேணும்னா எதிர்ல இருக்கு. மார்ச் வரைக்கும் கட்டிக்கலாம்."

கடைசியில் கம்பெனி டிரைவர்கள் பிடித்தார்கள். சதுப்பு படத்தில் எடுப்பாக இருக்காதென்று, ஹெட்லுண்ட் எல்லோரையும் சரிவுக்கு முன்னால் திருப்பி நிறுத்தினார். 'நாங்கள் காத்த காடு' என்று பத்திரிகையில் படம் வந்தது.

மார்ச்சில் இயந்திரங்கள் வந்தன. அந்தப் படத்தைப் பெரிதாக்கி வழியில் நட்டுவைத்து நின்றோம். நிருபர்களும் வந்திருந்தார்கள்.

"அது வேற இடம்னு அவங்ககிட்டச் சொல்லுங்களேன்," என்றேன் ஹெட்லுண்டிடம்.

அவர் படத்தைப் பார்த்தார், நிருபர்களைப் பார்த்தார், பிறகு டிரைவர்களுக்குக் கை காட்டினார். இயந்திரங்கள் திரும்பிப் போயின.

கோடையில், அந்தச் சரிவைக் காத்ததற்காகக் கம்பெனிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். கொஞ்சமும் கூசாமல் போய் வாங்கிக்கொண்டார் அந்த மனிதர்.