காளைக்கு வாய்க்கரிசி

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை டூர் போவார்கள். ஒரகடம் பக்கத்தில் பம்ப் வார்ப்படம் செய்கிற சின்னக் கம்பெனி. நான் அங்கே லேபில் இருக்கிறேன். வார்ப்பிரும்பில் கார்பன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் வேலை. தொண்ணூற்றொன்றில், ஆடி மாதம், மழைக்கடவு என்ற ஊருக்குப் போவதென்று முடிவானது. மலைக்காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஜோயலின் அக்கா அங்கே நர்ஸாக இருந்தார். ஆடியில் அங்கே காளைத் திருவிழா.

நான் போயிருக்கக் கூடாது. பங்குனியில் என் மனைவி ரத்னா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் பிழைக்கவில்லை. சாவு விழுந்த வீட்டார் வருடம் திரும்பும்வரை மலையேறக் கூடாது, திருவிழாவில் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியாரிடம் கம்பெனி வேலையாக வெளியூர் போவதாகச் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"போய்ட்டு வா," என்றார். "வூட்ல குந்திகினு செவுத்தயே பாத்துகினு இருந்தா இன்னா ஆவப்போவுது?"

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஏறியபோதுகூட ஃபிட்டர் மோகன், "சார எழுப்பாதீங்கண்ணா, அவரு மனசு சரியில்ல," என்றான். நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

மழைக்கடவில் மழை நிற்கவே இல்லை. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆறு செம்மண் நிறத்தில், சத்தமாக ஓடியது. ஊரே கரையில் இருந்தது. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார்கள். மூங்கிலில் கட்டி, கறுப்புத் துணி போர்த்திய பெரிய காளை ஒன்று பந்தலுக்கு வந்தது. உள்ளே இரண்டு ஆட்கள். கொட்டுக்கு ஏற்ப அது ஆடியது. தலையை ஆட்டிப் பிள்ளைகளைத் துரத்தியது. மோகனை முட்டிச் சேற்றில் தள்ளியது.

"டேய், எங்க ஊரு பஸ்ஸே என்ன தள்ளல, நீ தள்ளுறியா?" என்று மோகன் எழுந்து அதன் வாலைப் பிடித்து இழுத்தான். சிரித்தேன். சத்தம் வெளியே வந்த பிறகுதான் சிரித்தது நான் என்று தெரிந்தது.

ஜோயல் கதையைச் சொன்னான். முன்னொரு காலத்தில் மசக்கைக்காரி ஒருத்தி காளைக்கறிக்கு ஆசைப்பட்டாள் என்று அவள் புருஷன் ஊர்க் காளையை வெட்டினான். ஊர் அழுதது. அந்தக் காளையை ஆறு திருப்பிக் கொடுத்தது. அவளுக்கும் சுகப்பிரசவம். அதனால் ஒவ்வொரு வருடமும் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண் ஒருத்தியைக் காளையின் முன்னால் உட்கார வைப்பார்கள். காளை செத்து விழும். ஊரார் ஒவ்வொருவராக ஊறவைத்த அரிசியை அதன் வாயில் ஊட்டுவார்கள். தின்ற தெம்பில் காளை எழுந்தால் அவளுக்கு நல்லபடியாகப் பிறக்கும்.

"எழலன்னா?" என்றான் மோகன்.

"எந்திரிக்காம இருந்ததே இல்லியாம்."

அந்த வருடத்துப் பெண் தங்கமணி. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். இருபது வயதுகூட இருக்காது. பலகையில் உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, காளையின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

காளை விழுந்தது. பூசாரி மலையாளத்தில் ஏதோ அறிவித்தார். ஜோயல் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "ஒரு வருஷத்துக்குள்ள வீட்ல சாவு விழுந்தவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணுமாம்."

பந்தல் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஊரே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவியை யாரோ தோளில் தட்டிக்கொடுத்தார்கள். நான் அசையவில்லை.

"சும்மா நில்லு சார்," என்றான் மோகன். "இங்க யாருக்குத் தெரியும்?"

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் போன மோகன், "சாப்புடு ராசா, ரேஷன் அரிசி இல்ல, நல்ல அரிசி," என்று ஊட்டினான். தங்கமணி சிரித்தாள். என் முறை வந்தது. ஒரு பிடி அள்ளினேன். காளை கறுப்புத் துணிக்கு அடியில் அசையாமல் கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

என் கை புறங்கையாகத் திரும்பியது. அரிசியை அதன் வாயில் மூன்று தடவையாக வழியவிட்டேன். பிறகு இடப்பக்கமாகக் காளையைச் சுற்றத் தொடங்கினேன்.

கொட்டு நின்றுபோனது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பங்குனியில் ரத்னாவுக்குப் போட்டதைப் போலவே போட்டிருந்தேன். அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தி, "ஐயோ, வாய்க்கரிசி போட்டுட்டான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கமணியின் அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தங்கமணி அழவில்லை. வயிற்றில் இருந்த கை மட்டும் இறுகியது.

பூசாரி கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பரிகாரம் உண்டு என்றார். தீட்டுக்காரன் அந்த அரிசியைக் காளையின் வாயிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நிற்க வேண்டும். செத்தவர் பெயரை ஊரே சேர்ந்து கூப்பிட்டு, இந்த அரிசி உனக்கு, வாங்கிக்கொண்டு போ என்று சொல்லும். அரிசியை ஆற்றில் விட்டால் செத்தவர் போய்விடுவார். காளை எழும்.

"யார் போனது?" என்று கேட்டார். ஜோயல் அதைத் தமிழில் சொன்னான்.

தங்கமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றேன்.

"பேர்?"

"பரசுராமன்."

"எப்படி?"

"வயசாகி."

எனக்குப் பின்னால் கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

ஆற்றுத் தண்ணீர் சில்லென்று இருந்தது. கரை முழுக்க ஜனம். "பரசுராமா, இந்தா அரிசி, வாங்கிக்கோ, போ!" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். பெண்கள் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மோகனும் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவோடு சீட்டு ஆடுகிறவன் அவன். கையை விரித்தேன். அரிசி போய்விட்டது.

காளை எழுந்தது. முன்னைவிட அதிகமாக ஆடியது. தங்கமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். பாயசம் ஊற்றிய இலைத் தொன்னை ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

"வெறும் வயித்தோட போவாதீங்கண்ணா. அப்பா மனசு ஆறாது," என்றாள்.

குடித்தேன். இனிப்பாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மோகன்தான் பேச்சைத் தொடங்கினான்.

"பொய்யா செத்தா ஆயுசு கெட்டின்னுவாங்க சார். பெருசுக்கு இனிமே நூறு வயசு. அது வரிக்கும் என்ன சீட்ல தோக்கடிக்கும், பாரு."

யாரோ சிரித்தார்கள். மோகன் என் பக்கம் குனிந்தான். "நல்லதுதான் பண்ண சார். பிரசவம்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு அங்கியே உயிர வுட்டிருக்கும்."

நான் தலையாட்டினேன். அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னேன். மலை இறங்கும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார். என் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். மோகன் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவான். அதனால் நடக்க ஆரம்பித்ததுமே நானே சொன்னேன்.

அப்பா முதலில் சிரித்தார். "என்னியா? ஆத்துல வுட்டுட்டியா? அரிசியாவது நல்ல அரிசியா?" சிரிப்பு இருமலானது. சைக்கிளை நிறுத்திக்கொண்டு இருமி முடித்தார்.

"கோவம் இல்லியாப்பா?"

"எனக்கு இன்னாடா கோவம். நான்தான் குத்துக்கல்லாட்டம் கீறேனே." கொஞ்ச தூரம் தள்ளினார். பிறகு நின்றார். "ஆனா அரிசி எனக்குப் போட்டது இல்லியே. பேர மாத்திச் சொன்னா தீட்டு கழியுமா? அப்ப அந்தப் பொண்ணுக்கு இன்னா கதி?"

"அவ பயந்துடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். பிரசவத்துல செத்தான்னு எப்படிப்பா அவகிட்ட சொல்றது?"

"பிரசவம்னு ஏன் சொல்ற? பொண்டாட்டி, ஜுரத்துல பூட்டான்னு சொல்றது." அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "பேரு கரெக்டா இருந்திருக்கும். அந்தப் பொண்ணும் பயந்திருக்காது. அவ்ளோ ஜனம் சேந்து நம்ம ரத்னா பேரக் கூப்ட்டிருக்கும்."

ஜுரம் என்று ஒரு வார்த்தை. எனக்கு அது தோன்றவே இல்லை. பூசாரி கேட்டு முடிப்பதற்குள் அப்பா என்று சொல்லியிருந்தேன். எதையும் யோசிக்கவில்லை, தங்கமணியைக்கூட. மனைவி செத்தவன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். அதற்காக அப்பாவை ஆற்றில் விட்டேன். தங்கமணியைக் கழியாத தீட்டோடு விட்டுவிட்டு வந்தேன். ரத்னாவை எங்குமே கூப்பிடவில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. அப்பா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா நின்னுட்ட? வா."

"நீங்க முன்னாடி போங்கப்பா," என்றேன்.