பித்தப்பை வலது பக்கம்

"கையத் தூக்குடி. இன்னும் கொஞ்சம்."

ரேச்சல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். ஜெயமணி மகளை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள். சேலை மடிப்பை இடது விலாவுக்குக் கீழே இறுக்கி இழுத்து ஊசி குத்தினாள். ரவிக்கையையும் நான்கு விரல் இறக்கித் தைத்திருந்தாள். அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

"அவங்க முன்னால குனியாத. எட்டி எதையும் எடுக்காத. தப்பித் தவறி யாராச்சும் பாத்துட்டா என்ன சொல்லணும்?"

"பித்தப்பையில கல்லு."

"ம்."

"பித்தப்பை வலது பக்கம் இருக்கும்மா. இது இடது பக்கம். எத்தன தடவ சொல்லியாச்சு?"

"ஆமா, மாப்பிள வீட்டு சிசிலியா செர்காமுலேர்ந்து பரீட்சை எழுதவா வர்றாங்க? வயித்துக்குள்ள என்ன எங்க இருக்குன்னு எவளுக்குடி தெரியும்?"

ரேச்சலுக்குத் தெரியும். மலாக்கா டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அவள் அறிவியல் கூட உதவியாளர். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் இடுப்பு வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் மனிதன் நிற்பான். பிள்ளைகள் பாடம் முடிந்ததும் அவனை அப்படியே கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நுரையீரல், கல்லீரல், குடல் என்று ஒவ்வொன்றையும் துடைத்து, இருந்த இடத்தில் பொருத்தி வைப்பது அவள் வேலை. எந்த உறுப்பை இடம் மாற்றி வைத்தாலும் அவன் நெஞ்சு மூடாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் அண்ணன் யூஜினுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துபோயின. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை வேலை. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, தண்ணீரைக்கூடத் தம்ளரில் கோடு போட்டு அளந்து குடித்தான். சொந்தத்தில் யாராவது கொடுத்தால் பிழைப்பான் என்றார் டாக்டர். ஜெயமணிக்குச் சர்க்கரை நோய், அதனால் முடியாது என்றுவிட்டார்கள். தாய்மாமன் தங்கராஜுவுக்கு இரண்டு மகன்கள். "வேலைக்குப் போற ஆம்பளப் பசங்க ஒடம்புல கத்தி வைக்கலாமா?" என்றார் மாமா. அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ரேச்சலும் வேலைக்குப் போகிறவள்தான் என்பது அன்று ஒருவருக்கும் நினைவில்லை. குடுக்கிறியா என்று அவளை யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கொடுத்ததில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது. ஆப்பரேஷன் முடிந்த நான்காம் நாள் அண்ணன் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, தம்ளரைப் பிடித்தபடி அழுதானே, அது போதும்.

ஆனால் ஜெயமணி அதற்குள் ஊருக்கு ஒரு கதை சொல்லி முடித்திருந்தாள். கோலாலம்பூரில் விபத்தில் இறந்த ஒருவருடைய சிறுநீரகம் யூஜினுக்குக் கிடைத்ததாம். ரேச்சலுக்குப் பித்தப்பைக் கல்லாம். "கல்யாணம் ஆகாத பொண்ணு. ஒரு உறுப்பு இல்லன்னு தெரிஞ்சா எவன்டி வருவான்?"

வந்தவன் பிரான்க்ளின். கோவில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவன். உம்பாயில் அம்மாவோடு சேர்ந்து கடலுணவுக் கடை நடத்துகிறான். இரண்டு வருடமாக ரேச்சல் பாடும் வரிக்கு அவன் விரல் தானாக இறங்கி வரும். அவனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. போன ஈஸ்டருக்கு முன்பே சொல்லிவிட்டாள். "நீ கிரேட்லா ரேச்சல்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியை நம்பித்தான் அவள் இன்று இந்தச் சேலையைக் கட்டியிருக்கிறாள்.

அவனுக்கு ஒரு தங்கை, பமேலா. "நம்ம ரெண்டு வூட்டுலயும் ஒரு ஆணு, ஒரு பொண்ணு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்குவோம், சீர்வரிசைப் பேச்சே வேணாம்," என்று அவன் அம்மா சிசிலியாதான் முதலில் வாய் திறந்தாள்.

மூன்று மணிக்கு வந்தார்கள். சிசிலியா ஒரு பை நிறைய இறாலோடு நேராக அடுப்படிக்குள் நுழைந்து, "எங்க என் மருமவ?" என்று ரேச்சலை இடுப்போடு சேர்த்து அணைத்தாள். மறு நொடி கையை உதறினாள்.

"ஐயோ, ஊசி! யாரும்மா இந்த எடத்துல குத்துனது?"

அவளே ஊசியைக் கழற்றினாள். சேலை விலகியது. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சாய்ந்து கிடந்தது தழும்பு.

"பித்தப்பையில கல்லு," என்று ஜெயமணி முந்திக்கொண்டாள். "மூணு வருஷமாச்சு."

"அப்படியா! எனக்கும் போன வருஷம்தான எடுத்தாங்க." கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் சிசிலியா தன் முந்தானையை விலக்கிக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. நாலே நாலு சின்ன ஓட்டை. கல்லீரலுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்குமாம், வலது..." அவள் நிறுத்தினாள். தன் வயிற்றைப் பார்த்தாள். ரேச்சலின் வயிற்றைப் பார்த்தாள். "உனக்கு ஏம்மா இடது பக்கம் இருக்கு?"

"ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரிலா," என்றாள் ஜெயமணி.

ரேச்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

"பித்தப்பை இல்ல ஆண்ட்டி. சிறுநீரகம். அண்ணனுக்கு நான்தான் குடுத்தேன்."

ஹாலில் முறுக்குத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்த பிறகும் சிசிலியா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணு போதும் ஆண்ட்டி. ஒண்ண எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது கொஞ்சம் பெருசாகி, அதோட வேலையையும் சேத்துப் பாத்துக்கும்."

"நாளைக்குப் புள்ளகுட்டி?"

"கர்ப்பப்பை முன்னால, கீழ இருக்கு. சிறுநீரகம் பின்னால, முதுகுப் பக்கம். மாசமா இருக்கிறப்ப பிரஷர மட்டும் கவனமா பாத்துக்கச் சொல்லிருக்காரு டாக்டர்."

"யூஜினுக்கு இப்ப எத்தன?"

"மூணு. பழைய ரெண்டையும் எடுக்கல. என்னோடத அடிவயித்துல வலது பக்கம் வச்சுத் தச்சிருக்காங்க."

"மூணா!" சிசிலியா யூஜினை மரியாதையோடு பார்த்தாள். "ஆண்டவர் கூடுதலாவே குடுத்துருக்காரு."

ரேச்சல் பிரான்க்ளினைப் பார்த்தாள். எனக்கு முன்னாடியே தெரியும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் முறுக்கை ஒடித்தான். பாதியை இன்னும் பாதியாக ஒடித்தான். பிறகு அதையும் ஒடித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் சிசிலியா போன் செய்தாள். ஜெயமணிக்குக் காது மந்தம். அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசுவாள். துணி மடித்துக்கொண்டிருந்த ரேச்சலுக்கு எல்லாம் கேட்டது.

"பமேலாவ யூஜினுக்குக் குடுக்கிறதுல எங்களுக்குப் பூரண சம்மதம்க்கா. ரேச்சலும் தங்கமான புள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா பிரான்க்ளின் எனக்கு ஒரே மவன். குறையுள்ள பொண்ணக் கொண்டாந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"யூஜினும் ஆப்பரேஷன் பண்ணுனவன்தான சிசிலியா?"

"அவருக்குக் கெட்டது போயி நல்லது வந்துருக்கு. இவளுக்கு இருந்தது போயிருச்சு. ஆம்பளைக்கு என்னக்கா, நல்ல வேலை இருக்கு."

அந்த நல்லது யாருடையது என்று ஜெயமணி கேட்பாள் என ரேச்சல் காத்திருந்தாள். ஜெயமணி, "சரி, அவன் வாழ்க்கையாச்சும் நல்லா அமையட்டும்," என்றாள்.

பிரான்க்ளினிடமிருந்து வாட்சப் வந்தது. 'சாரி. அம்மாவ எதுத்துப் பேச முடியல. நீ ஸ்ட்ரோங்கான ஆளுலா.'

வேலை முடிந்து வந்த யூஜின், சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மடித்து வைத்த துண்டைப் பிரித்துத் திரும்ப மடித்தான்.

"நீ வேணாம்னு சொன்னா சொல்லு ரேச்சல். நானும் வேணாம்னு சொல்லிடறேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். காலையிலும் மாலையிலும் அவன் தவறாமல் மாத்திரை போடுகிறான். உள்ளே இருப்பது வேறொருத்தியுடையது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அதை அழித்துவிடுமாம். தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த மாத்திரை. மூன்று வருடமாக அது நன்றாகத்தான் வேலை செய்கிறது.

உனக்கு இல்லாத கல்யாணம் எனக்கு எதற்கு என்று அவனாகச் சொல்லியிருக்கலாம். சொல்லும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

"பமேலா நல்ல பொண்ணுண்ணே. கட்டிக்க."

அவன் தோள்கள் இறங்கியதை அவள் கவனித்தாள். "நீ தெய்வம்லா," என்றான். எழுந்து குளிக்கப் போனான். குளியலறைக்குள் அவன் மெல்ல விசிலடிப்பது கேட்டது. அவள் துண்டு மடித்து முடித்தாள். மடிக்க வேறு துணி இல்லை என்றானதும்தான் அழுகை வந்தது.

அடுத்த மாதம் கோவிலில் மூன்று ஞாயிறு யூஜின், பமேலா கல்யாண ஓலை வாசித்தார்கள். ஊருக்கு ஜெயமணி சொன்ன கதையையே சிசிலியாவும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு ஞாயிறும் தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டாள். மூன்றாவது ஞாயிறு ஜெயமணி விடவில்லை. "கூடப் பொறந்தவ வரலன்னா சனம் என்ன பேசும்? வா."

பாடற்குழுப் பக்கம் போகாமல் கடைசிப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்தாள். முன்வரிசையில் யூஜின், பக்கத்தில் சிசிலியா குடும்பம். பூசை முடியும் நேரத்தில் சாமியார் ஓலையை வாசித்தார். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். ஜெயமணியின் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ரேச்சலுக்குச் சொல்லத் தடை எதுவும் இல்லை. பிடி தளர்ந்தது.

சாமியார் இன்னொரு தாளை எடுத்தார்.

"மணமகன் யூஜினுக்குச் சிறுநீரகம் தந்து மறைந்த, பெயர் தெரியாத அந்தப் புண்ணிய ஆத்மா இளைப்பாற நாம் இன்று சிறப்பாக மன்றாடுவோம். காணிக்கை தந்திருப்பவர்கள் செர்காம் சிசிலியா குடும்பத்தார். எல்லாரும் எழுந்து நிற்போம்."

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. கோவில் முழுதும் எழுந்து நின்றது. சிசிலியா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கிட்டாரை இறக்கி வைத்துவிட்டுப் பிரான்க்ளினும் எழுந்தான். யூஜின் எழுந்து கை கூப்பினான்.

ரேச்சல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி," என்று ஜெயமணி பல்லைக் கடித்தாள். "எல்லாரும் பாக்கறாங்க."

"எனக்காகத்தானம்மா ஜெபம் பண்றாங்க?" ரேச்சல் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "செத்தவ எப்படி எந்திரிப்பா?"

இரண்டு பெஞ்சு முன்னால் வரை தலைகள் திரும்பின. அதற்கு முன்னால் இருந்தவர்களும், அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று பார்க்கத் திரும்பினார்கள். பிரான்க்ளின் திரும்பினான். சிசிலியாகூடத் திரும்பினாள்.

யூஜின் மட்டும் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உயிர் கொடுத்த ஆத்மாவுக்காக மனமுருகி ஜெபித்துக்கொண்டிருந்தான்.