கீதாஞ்சலியின் இடது பெடல்

1.

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் கண்ணகியும் அவள் கணவர் முத்தமிழ்செல்வனும் தங்கள் இணையதளத்துக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். ஆர்டரின் பேரில் செய்யும் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்கள், கையால் தைத்த சைக்கிள் பைகள், இருக்கை உறைகள் என்று ஏதாவது. நாலு வரிக்காகப் போனவன் நாலு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். இறக்கத்தில் காலை ஆற வைத்துக்கொண்டு போகலாம். ஃபிக்ஸட் கியரில் அது நடக்காது. சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும். பெடலில் இருக்கும் காலும் சுற்றியே ஆக வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இதை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பட்டறைக்கு எதிர் டீக்கடையில் இதற்கு ‘அடங்காத சைக்கிள்’ என்று பெயர்.

2.

நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

தையல் மெஷின் சத்தம் நின்றது. கண்ணகி நிமிர்ந்து பார்த்தாள். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றியபடி முத்தமிழ்செல்வன்

அவ்வளவுதான். அந்த இடத்திலேயே கண்ணகி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “மெஷின் அவரோடது சார். வெல்டிங் என்னோடது” என்றாள். கோபப்படவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருந்தேன்.

கண்ணகி வேப்பந்தட்டைக்காரி. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பில் அந்த வருஷம் இருந்த ஒரே பெண். ஒன்பது வருஷம் திருச்சியில் ஒரு கம்பெனியில் குழாய் பற்றவைத்தவள். முத்தமிழ்செல்வன் பஸ்களுக்கு சீட் குஷன் தைத்துக்கொண்டிருந்தவர். இப்போது லாரித் தார்ப்பாயிலும் ரெக்சினிலும் சைக்கிள் பை தைக்கிறார். (நேரில் அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். கதைக்குள் ‘அவள்’ என்று எழுத வந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லியிருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கத்தில் வெயிலை வர்ணித்திருந்தேன். பெரம்பலூரில் வெயில் அடிப்பது பெரம்பலூருக்கே தெரியும். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கைத்தடி ஊன்றிய ஒரு பெண் பட்டறை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள்.

கீதாஞ்சலிக்கு முப்பத்தொரு வயது. ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன அஞ்சலகத்தில் தபால் கொடுக்கும் வேலை. தினமும் ஐந்து ஊர், பதினான்கு கிலோமீட்டர், சைக்கிளில். எட்டு மாதத்துக்கு முன் மழையில் மினி பஸ் படியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. இடது கால் முட்டிக்குக் கீழே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பாதம் துணி போலத் தொங்கும். அவளுக்குப் பதிலாக வேறொருவர் தபால் கொடுத்துக்கொண்டிருந்தார். விடுப்பு முடிய இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் திரும்பாவிட்டால் வேலை கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தாள்.*

பழைய சைக்கிளில் ஏறிப் பார்த்திருக்கிறாள். வலது காலால் ஓங்கி மிதிப்பாள். வலது பெடல் கீழே போய் அங்கேயே நின்றுவிடும். அதை மேலே கொண்டுவர வேண்டியது இடது கால். அது வராது. சைக்கிள் சாயும். இரண்டு தடவை விழுந்த பிறகு மாமியார் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். கண்ணகி தான் செய்த சைக்கிளைத் தானே ஓட்டிக் காட்டும் வீடியோ. எல்லோரும் அதில் சைக்கிளைத்தான் பார்ப்பார்கள். கீதாஞ்சலி கண்ணகியின் காலைப் பார்த்தாள்.

“நீங்க மிதிக்காதப்பயும் பெடல் உங்க கால தூக்கிட்டுப் போகுதுக்கா. என் காலையும் தூக்குமா?”

கண்ணகி முடியாது என்று சொல்லிவிட்டாள்.

* ‘ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் மாட்டிக்கொண்டால் என்ன?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மருத்துவர் அந்தக் காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாராம். ஸ்கூட்டரில் கால் தூங்கிவிடும் என்றாள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவளுக்குச் சைக்கிள் பிடிக்கும்.

4.

ஏன் மறுத்தாள் என்று எழுதாமல் இந்தப் பகுதியைத் தாண்டிவிடப் பார்த்தேன். அவளே எழுதச் சொன்னாள்.

போன வருஷம் திருச்சி மாணவர் ஒருவருக்கு ஒரு சைக்கிள் செய்து கொடுத்தாள். அழகான சைக்கிள், படம் பார்த்தேன். வாங்கிய மூன்றாம் வாரம் இறக்கத்தில் அவர் வேகத்தை அடக்க முடியாமல் விழுந்தார். பாதத்தைப் பெடலோடு இறுக்கும் வாரில் கால் மாட்டிக்கொண்டது. தோளெலும்பு முறிந்தது. அவர் அவளைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, அடுத்த சைக்கிளுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டாராம். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அதன் பிறகு ஏழு ஆர்டர்களைத் திருப்பிவிட்டாள். பட்டறையை மூடிவிட்டுப் பழைய கம்பெனிக்கே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில்தான் ஆட்டோ வந்து நின்றது.

“நல்ல கால் உள்ளவனையே தள்ளிவிட்ட சைக்கிள்ம்மா இது. உன்ன நான் ஏத்த மாட்டேன்.”

கீதாஞ்சலி வாதாடவில்லை. ஆட்டோ திரும்பி வர அரைமணி ஆகும், அதுவரை ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்திய சைக்கிள். அதிலிருந்து யாரும் விழ முடியாது. கண்ணகி அவளைத் தாங்கி ஏற்றினாள். இடது பாதத்தைப் பெடல்மேல் வைத்துத் துண்டால் கட்டினாள். பிறகு பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டாள்.

கால் சுற்றியது. முட்டி மேலே வந்து, மடங்கி, கீழே போய், மறுபடி மேலே வந்தது. கீதாஞ்சலி அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று கண்ணகி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வலது காலும் சேர்ந்துகொள்ள, கண்ணகி கையை எடுத்துவிட்டாள்.

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பேருக்கும் இறங்கும், இறக்கும் எண்ணம் இல்லை.

5.

முத்தமிழ்செல்வனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குறையே இல்லாத மனிதரைக் கதையில் வைத்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். அவரிடம் என்ன குறை என்று கண்ணகியிடம் கேட்டேன். போன் எடுக்க மாட்டார், அளக்காமல் துணி வெட்டுவார் என்றாள். பிறகு இன்னொன்று சொன்னாள். கீதாஞ்சலியைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்து, அந்த அரைமணி நேரமும் கண்ணகியிடம் பேசாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எனக்கு இது போதும்.

சைக்கிள் செய்வது கண்ணகிக்குச் சிரமமாக இல்லை. சேலையோடும் ஏறும்படி குறுக்குக் கம்பியை அடியோடு தாழ்த்தினாள். மிதிக்க இலேசாக இருக்கும்படி பின்னால் பெரிய பல்சக்கரம் வைத்தாள். இந்த வகைச் சைக்கிளில் பலர் பிரேக்கே வைப்பதில்லை; அவள் இரண்டு வைத்தாள். நிற்கும்போது எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து வலது காலை ஊன்ற வேண்டும், இடது கால் பெடலிலேயே இருக்கும்.

பாதம்தான் சிக்கல். கட்டாவிட்டால் நழுவிவிடும். கட்டினால், விழும்போது மாட்டிக்கொள்ளும்.

முத்தமிழ்செல்வன் முதலில் தோல் வார் தைத்தார். கண்ணகி அதைப் பார்த்ததும் கத்தரியை எடுத்து வெட்டிப்போட்டாள். இரண்டாவதாகக் காந்தம். முதல் குழியிலேயே விட்டுவிட்டது. மூன்றாவது, குதிகாலை மட்டும் தாங்குகிற ஒரு ரெக்சின் கிண்ணம். உள்ளே பஸ் சீட் பஞ்சு. வெளிப்பக்கம் திறப்பு. மேலே ஒரே ஒரு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை; உடம்பு இடப்பக்கம் சாய்ந்தால் அதுவாகப் பிரிந்துகொள்ளும்.

பிரியுமா என்று எப்படித் தெரியும்?

கண்ணகி விழுந்து பார்த்தாள். பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில், இடது காலைச் செத்ததுபோல் தொங்கவிட்டுக்கொண்டு, ஓட்டி வந்து வேண்டுமென்றே விழுந்தாள். முதல் தடவை பிரியவில்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. முத்தமிழ்செல்வன் பட்டையை அரை அங்குலம் குறைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி விழுந்தாள். பிரிந்தது. அதற்குப் பிறகு பதினோரு தடவை விழுந்தாள், பதினோரு தடவையும் பிரிந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் கண்ணாடித் தம்ளரோடு வந்து நின்று பார்த்தார்கள். முதல் நாள் சிரித்தவர்கள் கடைசித் தடவை தூக்கிவிட வந்தார்கள்.

(இந்த இடத்தில் அன்பு, தியாகம் என்றெல்லாம் ஒரு பத்தி இருந்தது. கண்ணகிக்குப் படித்துக் காட்டினேன். “சுளுக்கு நாலு நாள்ல சரியாப்போச்சு சார்” என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

6.

ஓட்டிப் பார்க்கும் நாள் ஏலாக்குறிச்சிக்கே சைக்கிளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலை ஏழு மணி. மாதா கோயிலுக்கு வரும் பஸ்கள் நிறுத்தும் இடத்தைத் தாண்டினால் கொள்ளிடக் கரைச் சாலை. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. முன்னால் மாட்ட முத்தமிழ்செல்வன் ஒரு தார்ப்பாய்ப் பை தைத்திருந்தார். யாரும் கேட்காமலே அதில் ஐந்து அறை வைத்திருந்தார், ஊருக்கு ஒன்றாக. கீதாஞ்சலி ஒவ்வோர் அறையிலும் கையை விட்டுப் பார்த்தாள். அவரிடம் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் தார்ப்பாயின் தரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

புளியமரம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முந்நூறு அடி இருக்கும். முதல் இருபது அடி கண்ணகி பக்கத்திலேயே ஓடினாள். பிறகு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கீதாஞ்சலி புளியமரத்தைத் தாண்டினாள். வளைவில் மறைந்தாள். கண்ணகி கூப்பிட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. கரைக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் வாய்க்கால். கண்ணகிக்குத் திருச்சி ஆஸ்பத்திரியின் வாசல் நினைவுக்கு வந்ததாம். முத்தமிழ்செல்வன் வண்டியைக் கிளப்பப் போனார். அதற்குள் கண்ணகி கரையிலேயே ஓட ஆரம்பித்திருந்தாள்.

எதிரே சைக்கிள் வந்தது. கீதாஞ்சலி இரண்டு பிரேக்கையும் பிடித்து, வலப்பக்கம் சாய்ந்து, காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

“பிரேக் பிடிக்கலையா?” என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள் கண்ணகி.

“நல்லா பிடிக்குதுக்கா. நிறுத்தத்தான் மனசு வரல.”

கண்ணகி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, காலில் முள் குத்தியிருந்தது, எடுத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

7.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் கால் முழுக்கக் குணமாகிவிடும். அது பொய். குணமாகவில்லை. தொடையில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார், அவ்வளவே. இரண்டாவதில், வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஊரே திரண்டு வந்து

வரவில்லை. அவள் திரும்பியது உண்மை, விடுப்பு முடிய ஆறு நாள் இருக்கும்போதே. ஆனால் அன்றைக்கு ஊர் வயலில் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும், செங்கமலம் என்ற அம்மாள் கடிதத்தை வாங்கிக்கொண்டு, “எங்கடி போன இத்தனை நாளா” என்று கேட்டு மோர் கொடுத்தார்.

மூன்றாவது முடிவில் கீதாஞ்சலி பட்டறைக்கு வந்து நன்றி சொல்வாள். அவள் வரவும் செய்தாள். ஆனால் நன்றி சொன்னது கண்ணகி என்பதுதான் என்னை இடறிவிட்டது. சொன்னது என்றுகூடச் சொல்ல முடியாது. டீ வாங்கி வரச் சொல்லி, செயினுக்கு எண்ணெய் விட்டு, அனுப்பிவிட்டாள். கீதாஞ்சலி போன பிறகு என்னிடம், “அந்தப் புள்ள வரலைன்னா நான் பட்டறைய மூடியிருப்பேன் சார். அத அவகிட்ட சொல்ல வாய் வரல” என்றாள்.

எழுதிப் போடுங்களேன் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே ஒரு மத்தியானம் வெல்டிங் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள், ஒன்றரைப் பக்கம். எனக்குக் காட்டவில்லை. உறையில் போட்டு ஒட்டி, கீதாஞ்சலியின் ஊர் விலாசம் எழுதி, பெரம்பலூரில் தபால் பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஊருக்குத் தபால் கொடுப்பது கீதாஞ்சலிதான்.

இன்றைக்கோ நாளைக்கோ அந்த உறை அவள் கைக்குப் போகும். காலையில் தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும்போது தன் பெயரைப் பார்ப்பாள். அங்கேயே நின்று படித்துவிடுவாளா? கரைச் சாலையில் வலது காலை ஊன்றி நிறுத்திப் படிப்பாளா? அல்லது மற்றவர்கள் கடிதத்தோடு அதையும் பையில் வைத்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் தன் வீட்டு வாசலில் இறங்கி, தபால் என்று தனக்குத் தானே குரல் கொடுத்துக்கொள்வாளா?

அவள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை. உறையை உங்களிடம் கொடுத்துவிட்டேன். எங்கே பிரிப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.