சாவி கல்யாணப்பெண்ணிடம்

பஞ்சவர்ணத்துக்குக் கல்யாணம் என்றதும் எங்கள் தையல் பிரிவே சந்தோஷப்பட்டது. மண்டபம் பிடித்து, மேளம் வைத்து, பெண்ணழைப்போடு கல்யாணம் என்றதும் பாதிப் பேருக்கு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

ஆவடியில் ராணுவத்துக்குச் சட்டை தைக்கிற தொழிற்சாலை எங்களுடையது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்கு முன்னால் வாய்கள் திறந்துவிடும். "நாப்பதைத் தொடப்போற வயசுல ஊர்வலம் கேக்குதா?" என்றாள் ஒருத்தி. "மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரம் வேற. திருவேற்காட்டுக் கோயில்ல மாலைய மாத்திக்கினு வந்தா ஆவாதா?" என்றாள் இன்னொருத்தி. இதே வாய்கள்தான், போன வருஷம் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் பதிவுத் திருமணம் செய்துகொண்டு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தபோது, மிட்டாயைச் சப்பிக்கொண்டே அவள் வயிற்றைப் பார்த்தன. எளிமையாகச் செய்தால் ஏதோ அவசரமாம், விமரிசையாகச் செய்தால் திமிராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சுசீலா. பஞ்சவர்ணத்துக்கு அடுத்த மெஷின், அடுத்த குவார்ட்டர்ஸ். அவளுடைய அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை இவளுக்குக் கிடைத்தது. அம்மாவும் போனபிறகு, தம்பி பார்த்தசாரதியையும் தங்கை வனஜாவையும் இவளேதான் படிக்க வைத்தாள். இரண்டு பேருக்கும் ஊர் மெச்சக் கல்யாணம் செய்து வைத்தாள். அப்போது ஒருத்தரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை. மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மாப்பிள்ளை பாஸ்கரனுக்கு வேப்பம்பட்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக். சாதுவான மனிதர். "எனக்கு எப்பிடின்னாலும் சரி, அவுங்க இஷ்டம்" என்று ஒரே வாக்கியத்தில் ஒதுங்கிக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனஜா பூந்தமல்லியிலிருந்து வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். அப்போது நான் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குக் காப்பிப்பொடி கடன் வாங்கப் போயிருந்தேன். கிளம்பப் பார்த்த என்னைப் பஞ்சவர்ணம் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"அக்கா, எங்க ஊட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று ஆரம்பித்தாள் வனஜா. "கோயில்ல வெச்சிக்கோக்கா. நானே வந்து எல்லாத்தியும் பாத்துக்கிறேன். இந்த வயசுல உன்ன கார்ல ஒக்கார வெச்சி இட்டுக்கினு போனா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

பஞ்சவர்ணம் கோபப்படவில்லை. "உன் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் யாரு வாசிச்சது, சொல்லு" என்றாள்.

"மாங்காட்டுக்காரரு. செவப்பா, கடுக்கன் போட்டுக்கினு. ஏன்?"

"எனக்கு அவரு செவப்பா கறுப்பான்னு தெரியாது. சத்தம் மட்டும் கேட்டுது. நீ தாலி வாங்கிக்கறப்ப நான் ஸ்டோர்ல நெய் டின்ன ஒடச்சிக்கினு இருந்தேன். தம்பி கல்யாணத்துல அப்பளக் கட்டு. பெத்த புள்ளைங்க மாரி வளத்தேன். ரெண்டு பேரு தாலிகட்டையும் நான் பாக்கல."

"யாரு உன்ன ஸ்டோர்ல ஒக்காரச் சொன்னது?"

"உன் மாமியாரு. கல்யாணம் ஆவாத மூத்தவ மணையாண்ட நிக்கக் கூடாதாம். ஸ்டோர்ல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தாத்தான் சரின்னு சாவியக் கையில குடுத்தாங்க. நீ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்த. ஒரு வார்த்த பேசல."

வனஜாவின் முகம் சுண்டிப்போனது. மளிகைச் சாமான்கள் இருக்கிற அறைச் சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுப்பது எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறதுதான். ஆனால் அதைக் கொடுத்து ஒருத்தியை மேடையிலிருந்து அப்புறப்படுத்தலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

"பழசெல்லாம் கிளறாத. நீ மண்டபத்துல வெச்சா நான் வரமாட்டேன்" என்று வனஜா எழுந்தாள்.

"வந்தா எனக்கு சந்தோஷம். வராட்டியும் கல்யாணம் மண்டபத்துலதான். ஊரே பாக்கணும். அதுல நீ முன்னாடி நின்னு பாக்கணும்" என்றாள் பஞ்சவர்ணம். தங்கை போனதும் அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், தனக்கு எடுத்த அரக்குப் பட்டோடு வனஜாவுக்கும் ஒரு பச்சைப் பட்டு எடுத்து, அவள் மாமியார் கன்னியம்மாளின் பேருக்குப் பத்திரிகையும் வைத்து அனுப்பினாள்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர். பெண்ணழைப்பை இங்கே வந்துதான் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பெண்ணைக் காரில் உட்கார வைத்து மேளத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். பக்கத்தில் தங்கை உட்காருவது வழக்கம். வனஜா வரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

பூ ஜோடித்த அம்பாசடர் குவார்ட்டர்ஸ் தெருவில் ஊர்ந்தது. முன்னால் பேண்டு. இரண்டு பக்கமும் ட்யூப்லைட்டைத் தலையில் சுமந்த ஆட்கள். பின்னால் மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு வந்தது. "தலையக் கொஞ்சம் குனிஞ்சிக்கோடி, பொண்ணு மாதிரி இரு" என்று நான் காதில் சொன்னேன். "குனிஞ்சா எப்பிடித் தெரியும்?" என்று அவள் ஒவ்வொரு வாசலையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் நின்றவர்கள்தான் சங்கடப்பட்டுக் கையை ஆட்டினார்கள். கோவில்பதாகை பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்வரை அவள் முதுகு இருக்கையில் சாயவேயில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை கூட்டத்துக்குக் குறைவில்லை. பேசின வாய்கள் எல்லாம் வந்திருந்தன. வந்தவர்கள் மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் இடம் பிடித்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டோவுக்கு மட்டும் மேடையேறுவது இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சகஜம். முதல் பந்தியில் முதல் இடத்தில் கன்னியம்மாள். மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வனஜா மட்டும் உட்காராமல், பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு தூணோரமாக நின்றாள்.

ஐயர் தாலித்தட்டைச் சுற்றி அனுப்பிவிட்டு நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் அப்பாவு தோளில் துண்டோடு மேடைக்கு ஓடிவந்தார்.

"யம்மா, பந்தியில எல்லாரும் ஒக்காந்துகினாங்க. இலைக்கட்டு ஸ்டோர்ல கீது. சாவி யாராண்ட கீது?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. விடியற்காலையில் சாமானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சவர்ணமே போயிருந்தாள். பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கல்யாணப்பெண்ணாவது இப்படிச் செய்வாளா?

அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவியை எடுத்தவள் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்திருக்கவே பார்த்தாள். நான் தோளை அழுத்துவதற்குள் தூணோரம் நின்ற வனஜா மேடையேறி வந்துவிட்டாள்.

"குடுக்கா. நீ ஒக்காரு. நான் போய் ஸ்டோர்ல இருக்கேன்" என்று கையை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பஞ்சவர்ணம் தங்கையைப் பார்த்தாள். பிறகு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீ எங்கியும் போவக் கூடாது. இங்கியே நில்லு" என்றவள் அப்பாவு பக்கம் திரும்பினாள். "அண்ணாத்தே, தாலி கட்டாம ஸ்டோர் தொறக்காது. பந்தியில கீறவங்கள எழுப்பி இட்டுக்கினு வா. பாத்துட்டுச் சாப்புடட்டும்."

"சாப்பிட உட்கார்ந்தவங்களை எழுப்பக் கூடாதும்மா" என்றார் ஐயர்.

"இலையே போடலியே சாமி."

பாஸ்கரன் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நேரம் கீது சாமி. வரட்டும்."

வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் வந்தார்கள். எங்கள் தையல் பிரிவு மொத்தமும் மேடைக்கு எதிரே நின்றது. கன்னியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வனஜா அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். சாவியை மூடிய அதே கையோடு பஞ்சவர்ணம் கும்பிட்டுக் கழுத்தைக் கொடுத்தாள். கெட்டிமேளம் முழங்கியது. வனஜா விம்மி அழுதாள், நானும்தான். பஞ்சவர்ணம் அழவில்லை. நாதஸ்வரக்காரர் முகத்தை ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் ஓய்ந்ததும் வனஜா மறுபடி கையை நீட்டினாள். பஞ்சவர்ணம் அதைத் தட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த கன்னியம்மாளைக் கூப்பிட்டாள்.

"அத்தே, கொஞ்சம் வாங்க." சாவியை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். "ஸ்டோர்ல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தாத்தான் சரி."

கன்னியம்மாள் சாவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கூட்டம் முழுக்கப் பசியோடு அவரைப் பார்த்தது. சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவுவின் பின்னால் போனார்.

போட்டோக்காரர் சொந்தக்காரர்களை மேடைக்கு அழைத்தார். இந்த முறை முதல் படத்திலேயே அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஓரத்தில் நான் இருக்கிறேன். கன்னியம்மாள் எந்தப் படத்திலும் இல்லை, ஸ்டோரில் இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.