ஆறாவது சம்மன்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் ஊர் நீதிமன்றம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கூடும். இங்கே பள்ளிக்கு மட்டம் போட்டாலே கோர்ட் சம்மன்தான். எப்போதோ ஒருநாள் மட்டம் போட்ட டெலியா, சம்மனோடு வந்து நின்றாள். "ஸ்கூல் நேரத்துல இங்க என்னம்மா வேலை?" என்று போலீஸ்காரர் வோர்பால் வாசலிலேயே இன்னொரு சம்மன் எழுதினார். வாராவாரம் இதே கதை. இன்றைக்கு ஆறாவது.

கோர்ட் குமாஸ்தாவான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசாரணையைச் சாயங்காலம் வெச்சா என்ன, ஜட்ஜ்?"

"மூணு மணிக்கு ஸ்கூல் பஸ்ஸ நான்தானே ஓட்டணும்" என்றார் எங்கள் பகுதிநேர நீதிபதி.

அடுத்து, பள்ளியில் சிகரெட்டோடு பிடிபட்ட கர்ட் வந்தான். அவனுக்கு மட்டும் வோர்பால் சம்மன் எழுதவில்லை. ஏனென்று கேட்டேன்.

"அவனத்தான் ரெண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களே. மட்டம்னு எப்படி எழுதறது?"

டெலியா கர்ட் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சிகரெட் இன்னொண்ணு இருக்காடா?"